பிற குறிப்புகளுக்கு நான்கு வரி

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு ‘ஒண்ணுலேர்ந்து அஞ்சு அக்கா’ என்று பெயர். எந்த வீட்டில் போய் எந்தக் கேள்வியைக் கேட்டாலும், கடைசியில் “ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க” என்று முடிப்பார். கால்வலி எவ்வளவு, பயம் எவ்வளவு, பெற்ற பிள்ளைமேல் நம்பிக்கை எவ்வளவு, எல்லாவற்றுக்கும் அதே ஐந்து எண்தான். ஒருமுறை கேன்டீனில் டீ எப்படி இருக்கிறது என்று யாரோ கேட்டதற்கு “ரெண்டு” என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னார்.

அக்கா களப்பணியாளர். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு, பதிலைத் தாளில் எழுதிக்கொண்டு வருவது அவர் வேலை. அந்தத் தாளை உள்ளே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. அவர் இருபத்திரண்டு வருடம் வெயிலில் நடந்தார். நான் பதினோரு வருடம் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து விசைப்பலகையைத் தட்டினேன். அவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குத்திக்காட்ட வேண்டாம்.

அவர் கணவர் மின்சார மீட்டர் கணக்கு எடுப்பவர். இரண்டு பேருமே காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, ஊரார் வீட்டு எண்ணை எழுதிக்கொண்டு சாயங்காலம் திரும்புகிறவர்கள். “அவர் மீட்டரைப் பாத்து எழுதறார், நான் மனுஷங்களைப் பாத்து எழுதறேன். மீட்டர் பொய் சொல்லாது, அவருக்குக் கொடுத்துவெச்ச வேலை” என்பார் அக்கா.

பொய் என்றால் அவருக்கு ஆகாது. இந்தத் தொழிலில் பொய் மிக எளிது. பத்து வீட்டுக்குப் போய்விட்டு, மீதி இருபது வீட்டுத் தாளைப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து நிரப்பிவிடலாம். அப்படி நிரப்பிய தாள் கைக்கு வந்தவுடனே எனக்குத் தெரிந்துவிடும். எல்லாப் பதிலும் மூன்றாக இருக்கும். சோம்பேறிக்கு எப்போதும் மூன்றுதான் பிடிக்கும். அக்காவின் தாளில் ஒன்றும் ஐந்தும் கலந்து கிடக்கும், மழையில் நனைந்த ஓரம் இருக்கும், ஒரு வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள் என்றால் ‘சாத்திவிட்டார்கள்’ என்றே இருக்கும். புரொபசர் எங்கள் எல்லோர் முன்னாலும் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டி, “இதுதான் தரவு. மத்ததெல்லாம் குப்பை” என்று சொல்லியிருக்கிறார். அன்று அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்த ஒரு பாராட்டு அவருக்குப் பல வருடம் தாங்கியது.

அந்தப் புரொபசர்தான் முதியோர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். வயதானவர்களை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொண்டால் உறவு கெடாமல் இருக்கும் என்று கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி. இரண்டு வருடத் திட்டம். பாதி வீடுகளில் குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுப்பார்கள்: வாரத்தில் ஒரு அரைமணி நேரம் டிவியை அணைத்துவிட்டு, போனைத் தள்ளி வைத்துவிட்டு, பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். மீதிப் பாதி வீடுகளில் எந்தப் பயிற்சியும் கிடையாது. மாதம் ஒருமுறை போய்க் கேள்வி மட்டும் கேட்டுவிட்டு வர வேண்டும். இவை ஒப்பிட்டுப் பார்க்கிற வீடுகள். இரண்டு வருடம் கழித்து இந்தப் பாதிக்கும் அந்தப் பாதிக்கும் என்ன வித்தியாசம் என்று பார்ப்பார்கள். அக்காவுக்குக் கிடைத்த முப்பத்திரண்டு வீடும் ஒப்பிட்டுப் பார்க்கிற வீடுகள்.

விதிப் புத்தகம் ஒன்று கொடுத்தார்கள். ஒப்பீட்டு வீடுகளில் அறிவுரை கூடாது. ஆறுதல் கூடாது. “டாக்டரைப் பாருங்க” என்றுகூடச் சொல்லக் கூடாது, உயிருக்கு ஆபத்து என்றால் ஒழிய. பெரியவருக்கு நேர் எதிரே, மூன்றடி தள்ளி உட்கார வேண்டும். கேள்வியைச் சாதாரணக் குரலில், எழுதியிருக்கிறபடியே வாசிக்க வேண்டும். ஒரு தடவைக்கு மேல் திருப்பிச் சொல்லக் கூடாது. எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி கேட்டால்தான் எண்களை ஒப்பிட முடியும். இதில் தப்பு என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் எரிச்சல்.

தாளின் கடைசிப் பக்கத்தில் ‘பிற குறிப்புகள்’ என்று ஒரு கட்டம். நான்கு வரி எழுதலாம். களப்பணியாளர் பயிற்சியில் புரொபசர் சொன்னாராம்: “வீட்டுல கண்ணுல படறதை நீங்க சொல்லக் கூடாது. ஆனா அந்தக் கட்டத்துல எழுதுங்க. நாங்க பாத்துக்கறோம்.” ஒரு வாரம் கழித்து எங்களுக்குப் பயிற்சி. அதே புரொபசர், பக்கத்து அறை. “கடைசிக் கட்டத்துக்குக் கம்ப்யூட்டர்ல இடம் வைக்கலை. வார்த்தையை வெச்சிட்டு என்ன பண்றது? விட்டுடுங்க.” இரண்டையும் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஒரு அறையில் சொன்னது அடுத்த அறைக்கு வருவதற்குள் அவருக்கு மறந்துவிட்டது. பெரியவர்களின் நினைவாற்றலையும் சேர்த்துச் சோதிக்கிற ஆராய்ச்சிக்குத் தலைவர்!

அக்காவின் ஒன்பதாவது வீடு லிஃப்ட்காரருடையது. பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்கி ஓய்வு பெற்றவர். “முப்பத்தி நாலு வருஷம் மேலயும் கீழயும் போயிருக்கேன். ஒரு இடத்துக்கும் போய்ச் சேரலை” என்று அவரே சொல்லிச் சிரிப்பாராம். மனைவி இல்லை. ஒரே மகன் பார்சல் அலுவலகத்தில் வேலை. மகன், மருமகள், ஆறு வயதுப் பேத்தி. லிஃப்ட்காரருக்குப் பின்கட்டில் ஒரு அறை, ஒரு கட்டில், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்த ஜன்னல். அறை வாசலை ஒட்டி வாஷிங் மெஷின். அது நாள் முழுக்கக் கடகடவென்று ஓடும்.

முதல் மாதமே அந்த வீட்டில் உறவு கெட்டிருந்தது. மருமகளோடு உறவு எப்படி, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள் என்று அக்கா கேட்டதற்கு, “ஒண்ணுக்குக் கீழ எதாவது இருக்கா?” என்றார் அவர். “என் எதிர்லயே குசுகுசுன்னு பேசறாங்கம்மா. முன்னெல்லாம் இந்த வீட்டுல யாரும் இப்படிப் பேசினதில்லை. என்னை எங்கியோ தள்ளிவிடப் பாக்கறாங்க.”

மருமகளைத் தனியாகக் கேட்டால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நான் கேக்கறது ஒண்ணு, அவர் சொல்ற பதில் ஒண்ணு. அவர் பையன் பேசினா மட்டும் ஒழுங்கா பதில் வருது. நான் பேசினா வராது. காதுல கோளாறுன்னு சொல்லலாம்னா டிவி பாக்கறார், தெருவுல ஹார்ன் அடிச்சா எட்டிப் பாக்கறார். அப்ப வேணும்னுதானே பண்றார்? இல்ல, புத்தி தடுமாறுதா? ரெண்டுல ஒண்ணு.”

தாளில் நினைவாற்றலுக்கு ஒரு பகுதி உண்டு. குடை, சாவி, கத்தரிக்கோல் என்று மூன்று சொல்லைச் சொல்லிவிட்டு, ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்க வேண்டும். இன்றைக்கு என்ன கிழமை, நூறிலிருந்து ஏழைக் கழித்தால் எவ்வளவு, இப்படிப் பத்துக்கு மதிப்பெண். லிஃப்ட்காரருக்கு முதல் மாதம் ஏழு. பிறகு ஆறு. பிறகு ஐந்து.

ஆறாவது மாதம் அக்கா போன அன்று மின்சாரம் இல்லை. மெஷின் நின்றிருந்தது, ஃபேன் நின்றிருந்தது. எதிரே போட வேண்டிய நாற்காலியில் துவைத்த துணி மலையாகக் கிடந்தது. நகர்த்த இடமில்லாமல் அக்கா கட்டில் ஓரத்தில், அவருக்கு வலது பக்கமாக உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்திரண்டு கேள்விக்கும் பதில் டக் டக்கென்று வந்தது. குடை, சாவி, கத்தரிக்கோல். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது. பத்துக்குப் பத்து. “பதில் சொல்லிட்டேன், பாஸா ஃபெயிலா?” என்று கேட்டு, அக்காவின் பேனாவை வாங்கித் தாளின் மேல் பெரிதாக ஒரு சரி போட்டார். அந்தச் சரியை நானே பார்த்தேன்.

அக்கா அசந்து போய்விட்டார். அடுத்த மாதம் விதிப்படி எதிரே உட்கார்ந்து ஒருமுறை கேட்டார். நான்கு. எல்லாம் முடிந்த பிறகு வலது பக்கம் மாறி உட்கார்ந்து, தன் கீச்சுக்குரலைக் கொஞ்சம் தணித்து, காதோரமாக அதே கேள்விகளைக் கேட்டார். ஒன்பது. விஷயம் பிடிபட்டது. இடது காது அனேகமாகப் போய்விட்டது. வலது காதில் கனத்த சத்தம் விழுகிறது, மெல்லிய குரல் விழவில்லை. மகனுக்குக் கட்டைக்குரல், அதனால் கேட்கிறது. மருமகளுக்கு மெல்லிய குரல், அதனால் வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. அதைத்தான் அவர் குசுகுசு என்கிறார். தன் காது போனதே அவருக்குத் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகப் போனது எப்படித் தெரியும்? வீட்டிலுள்ளவர்கள்தான் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

“காது டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டுங்க.” இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. மூச்சு விடுகிற நேரத்தில் சொல்லிவிடலாம்.

அக்கா சொல்லவில்லை. ஏன் என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். சில வருடங்களுக்கு முன்னால், குழந்தைகளின் எடை பற்றிய ஆராய்ச்சி ஒன்றில், இளைத்துப் போயிருந்த ஒரு குழந்தையின் தாயிடம் அக்கா ஏதோ சொல்லிவிட்டார். அந்தத் தாய் தெரு முழுக்கச் சொன்னாள். அந்தத் தெருவின் தாள்கள் மொத்தமும் ரத்தாயின. அந்தத் தெருவில் கூட வேலை செய்த இரண்டு பெண்களுக்கு வேலை போயிற்று. அக்காவுக்குப் போகவில்லை, நல்ல பெயர் காப்பாற்றியது. அந்த இரண்டு பேரையும் கடைத்தெருவில் பார்த்தால் அக்கா எதிர்ப்பக்கம் ஒதுங்கி நடப்பார். அதன் பிறகு விதிப் புத்தகத்தில் ஒரு கமாவைக்கூட அவர் மீறியதில்லை.

மேற்பார்வையாளரிடம் கேட்டுப் பார்த்தார். “நீங்க வாயைத் திறந்தா அந்த வீடு போச்சுக்கா. எழுதி அனுப்புங்க. மேல முடிவு பண்ணுவாங்க” என்று அவன் பட்டும் படாமல் சொன்னான். அக்கா எழுதினார். நான்கு வரியில், பொடிப்பொடியாக, அடித்தல் திருத்தல் இல்லாமல்: ‘பெரியவருக்குக் காது மந்தம். புத்தி நன்றாக இருக்கிறது. எதிரே உட்கார்ந்து கேட்டால் மதிப்பெண் தவறாக வருகிறது. குடும்பத்தாரிடம் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.’

விதிப்படி தாளில் ஏறியது நான்கு. விதிப்படி நான் ஏற்றியது நான்கு. குறிப்பை நான் படித்தேன். படிக்கவில்லை என்று சொன்னால் நன்றாக இருக்கும், ஆனால் படித்தேன். பக்கத்து நாற்காலிக்காரியிடம் காட்டி, “அக்கா கதை எழுத ஆரம்பிச்சுட்டாங்க பாரு” என்று சிரித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். ஒரு நாளைக்கு அறுபது தாள் முடிக்க வேண்டும். வார்த்தைக்கு இடமில்லை.

அடுத்த மாதமும் எழுதினார். அதற்கடுத்த மாதம் ‘தயவுசெய்து’ என்ற சொல் சேர்ந்தது. ஒன்பதாவது மாதம் ‘அவசரம்’ என்று அடிக்கோடு. ஒரு நாள் வராந்தாவில் என்னை நிறுத்திக் கேட்டார்.

“ஏம்மா, நான் எழுதறதெல்லாம் போய்ச் சேருதா?”

வாயில் பிஸ்கட் இருந்தது. “எல்லாம் ஏத்திட்டேங்க்கா” என்றேன். எண்களைத்தான் சொன்னேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. அது சப்பைக்கட்டு. அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நின்று விளக்கச் சோம்பல், அவ்வளவுதான்.

“அப்ப பதில் வரும்” என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார்.

பத்தாவது மாதம் மருமகளே அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “எத்தனையோ பெரியவங்களைப் பாக்கறீங்க. இவருக்கு என்னதாங்க ஆச்சு? உங்களுக்குத் தெரியாம இருக்காது, சொல்லுங்களேன்.”

அக்கா விதிப் புத்தகத்தில் இருந்த வாக்கியத்தைச் சொன்னார். “நான் கேள்வி கேக்க மட்டும்தாங்க வந்திருக்கேன்.” சொல்லிவிட்டுத் தெருமுனை வரை நடந்து, அங்கே ஒரு கடை வாசலில் நின்று அழுததாக அவர் கணவர் என்னிடம் சொன்னார். என் மேசையில் கேட்பாரற்றுக் கிடந்த கட்டத்தை நம்பி அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

பதினோராவது மாதம் நல்ல மழையில் மருமகள், காய்ச்சலடிக்கிற பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று மணியை அழுத்தினாள். சாவியை உள்ளேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். அந்த மணி கீச்சென்று குருவி மாதிரிக் கத்துகிற மணி. லிஃப்ட்காரர் முன்னறையில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக அவர் முதுகு அவளுக்குத் தெரிந்தது. முக்கால் மணி நேரம். மகன் வந்து தன் சாவியால் திறந்தபோது அவர் திரும்பிப் பார்த்து, “எங்க போயிருந்தீங்க எல்லாரும்?” என்று கேட்டார். அவரை எங்காவது சேர்த்துவிடுவது என்று அன்றே அந்த வீட்டில் முடிவாகிவிட்டது.

முடிவாகிவிட்டதே தவிர, மகனுக்கு மனம் ஒப்பவில்லை. இழுத்துக்கொண்டே இருந்தான். அந்தச் சமயத்தில்தான் நாங்கள் போய் உதவினோம். ஆராய்ச்சிக்கு ஒரு வருடம் ஒத்துழைத்ததற்காக எல்லா வீட்டுக்கும் நன்றிச் சீட்டு ஒன்று அனுப்பினோம். நல்ல கனத்த தாள், கலர் முத்திரை, கீழே புரொபசர் கையெழுத்து. ‘நினைவாற்றல்: முதல் மாதம் 7, பன்னிரண்டாம் மாதம் 3. நிலை: மிகக் குறைவு.’ என் பிரிண்டரிலிருந்துதான் வந்தது. மகன் அந்தச் சீட்டைக் கொண்டுபோய் முதியோர் இல்லத்தில் காட்டினான். நினைவு தவறியவர்களுக்கான பகுதியில் அவருக்கு இடம் கிடைத்தது. அங்கே கதவை வெளியிலிருந்து மட்டும்தான் திறக்க முடியும்.

பதிமூன்றாவது மாதம் அக்கா போனபோது கட்டில் இல்லை. அந்த இடத்தில் இஸ்திரி மேசை. மருமகள் சீட்டை எடுத்துக் காட்டினாள். “உங்க ஆபீஸ் சீட்டுதாங்க. இதைப் பாத்தப்பறம்தான் என் வீட்டுக்காரருக்கே மனசு வந்துச்சு. இல்லன்னா நாங்களாவே பெரிய பாவம் பண்றோமோன்னு தூக்கமே இல்லை.”

அன்று மத்தியானம் அக்கா என் மேசைக்கு வந்தார். வியர்வைகூடத் துடைக்கவில்லை. “நான் எழுதின குறிப்பு எங்கம்மா இருக்கு? கம்ப்யூட்டர்ல காட்டு.”

“அக்கா...”

“காட்டு.”

“அதுக்கு இடமே இல்லக்கா. ஏத்தறதே இல்லை. ஆரம்பத்துலேர்ந்தே.”

“நீ படிச்சியா?”

“படிச்சேன்.”

அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். “எழுந்திரு. என்கூட வா” என்றார். போனேன். வேலை நேரத்தில் முதல்முறையாக அந்த நாற்காலியை விட்டு வெளியே போனேன்.

பார்சல் அலுவலகத்தில் மகன் எடை மேடைக்குப் பக்கத்தில் நின்று பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தான். நான் அவனை வில்லனாக நினைத்துக்கொண்டு போயிருந்தேன். நாற்பது வயசுக்கு முன்னாலேயே நரைத்துப்போன, சட்டை முழுக்கப் பசை ஒட்டிய ஆள். அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை.

“நான் பேசினா அப்பாவுக்குக் கேக்குமே” என்றான் அவன்.

“உங்க குரல் கட்டைக்குரல். அது கேக்கும். உங்க வீட்டம்மா குரல் கேக்காது.”

ஒட்ட எடுத்த சீட்டு அவன் கையிலேயே இருந்தது. “எவ்வளவு நாளா உங்களுக்குத் தெரியும்?”

“ஏழு மாசமா.”

“ஏழு மாசம்.” அவன் குரல் உயரவில்லை. “மாசா மாசம் வந்தீங்க. எங்க வீட்டுத் தண்ணியக் குடிச்சீங்க. என் பொண்டாட்டி உங்க கையப் புடிச்சுக் கேட்டா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அடுத்த நாளே கூட்டிட்டுப் போயிருப்பேனே. நான் என்ன கொலைகாரனா?”

அனுமதிக்குக் காத்திருந்தேன் என்று அக்கா சொல்லவில்லை. என்னைக் கை காட்டவும் இல்லை. நான் அவருக்கு அரையடி பின்னால்தான் நின்றேன். வாயைத் திறந்து, ‘இவங்க எழுதினாங்க, நான்தான் ஏத்தலை’ என்று சொல்ல வேண்டியது நான். சொல்லவில்லை. தரையில் கிடந்த சணல் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மகன் மறுநாளே இல்லத்துக்குப் போய் அப்பாவைக் காது டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனான். காதுக்கு அளவெடுத்து மெஷின் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

அந்த மூன்று வாரத்தில் அக்கா தன் இருபத்திரண்டு வருட நல்ல பெயரை ஒரேயடியாகக் கரைத்தார். மீதி முப்பத்தொரு வீட்டுக்கும் போனார். கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு போகவில்லை. ஒரு வருடமாகக் கண்டதையெல்லாம் சொன்னார். இந்த அம்மா சாப்பிட மறுப்பது கோபத்தால் இல்லை, பல்செட் குத்துகிறது. அந்த ஐயா இரண்டு மாத்திரையை மாற்றி விழுங்குகிறார், அதனால்தான் பகலெல்லாம் தூக்கம். இவர் குளிக்க மாட்டேன் என்பது சோம்பலால் அல்ல, ஒருமுறை வழுக்கி விழுந்த பயம், சுவரில் ஒரு கைப்பிடி வையுங்கள். அவர் உங்களைத் திட்டுகிறார், ஆனால் நீங்கள் வெளியே போனால் நீங்கள் திரும்பும் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இப்படி வீடு வீடாக.

புரொபசருக்குத் தெரிந்தது. அவர் கெட்டவர் இல்லை. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “முப்பத்திரண்டு வீடும்மா. முப்பத்திரண்டும் போச்சு. இந்தத் திட்டம் ஜெயிச்சா ஆயிரக்கணக்கான குடும்பத்துக்கு நல்லது. உங்களைவிட அது யாருக்குத் தெரியும்?” என்றார். உண்மைதான். வாரம் அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பேசிய வீடுகளில், நான்கு பெரியவர்களுக்குக் காது மந்தம் என்பதைக் குடும்பத்தாரே கண்டுபிடித்துவிட்டார்கள். திட்டம் நல்ல திட்டம். லிஃப்ட்காரர் இருந்தது அடுத்த பாதியில், அவ்வளவுதான்.

“அந்தக் கட்டத்தை எதுக்கு சார் வெச்சீங்க?” என்று அக்கா கேட்டார்.

புரொபசர் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். அன்று சாயங்காலமே அக்காவுக்கு வேலை போயிற்று.

அறிக்கையில் ஒரு அடிக்குறிப்பு உண்டு: ‘களப்பணியாளர் ஒருவரின் விதிமீறல் காரணமாக 32 வீடுகளின் விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.’ அதைத் தட்டியதும் நான்தான். வார்த்தைக்கு அன்று இடம் இருந்தது. இப்போது அந்த ஆராய்ச்சியில் லிஃப்ட்காரர் இல்லவே இல்லை. அவரை இல்லத்துக்கு அனுப்பிய சீட்டு மட்டும் செல்லுபடியாகிக்கொண்டிருக்கிறது.

மெஷின் வந்த அன்று மகன், அக்காவுக்குப் போன் செய்து வரச் சொன்னான். கோபம் தீர்ந்து கூப்பிட்டானா, அவரும் இருந்து பார்க்கட்டும் என்று கூப்பிட்டானா, தெரியாது. அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு போனார். இல்லத்தின் கூடத்தில் வரிசையாக நாற்காலிகள். ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், யாரும் யாரோடும் பேசவில்லை. லிஃப்ட்காரர் கடைசி நாற்காலியில் சவரம் செய்யாத முகத்தோடு இருந்தார். இரண்டு மாதத்துக்குள் ஆள் பாதியாகிவிட்டார் என்று அக்கா சொன்னார். மகன் மெஷினைக் காதில் பொருத்தி, சின்ன சக்கரத்தைத் திருகினான்.

“அப்பா, கேக்குதா?”

“நீ பேசினா எனக்கு எப்பவுமே கேக்கும்.”

மருமகள் முன்னால் வந்தாள். “மாமா, நான் பேசறது கேக்குதா?”

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். முகம் ஒரு கணம் மாறியது. அவள் குரலைக் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். “கேக்குது” என்றார்.

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். மகன் அக்காவைக் காட்டி, “இவங்கதான்பா உங்களுக்குக் காது பிரச்சினைன்னு கண்டுபிடிச்சது” என்றான்.

“இன்னிக்குக் கேள்வி இல்லையாம்மா?” என்று லிஃப்ட்காரர் அக்காவைக் கேட்டார்.

“இல்லைங்கய்யா. வேலை போயிடுச்சு.”

“எதுக்கு?”

“பேசினதுக்கு.”

“யார்கிட்ட?”

“எல்லா வீட்டுலயும்.”

“என்கிட்ட பேசியிருக்கலாமே. எனக்குக் காது போனது எனக்கே தெரியாது. உனக்குத் தெரிஞ்சிருக்கு. பக்கத்துல உக்காந்து, சிரிச்சுப் பேசிட்டு, எழுதிட்டுப் போயிட்டே.”

அக்கா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

மகன் குனிந்து அப்பாவின் துணிப் பையை எடுத்தான். “விடுங்கப்பா. எல்லாம் முடிஞ்சுது. வாங்க, வீட்டுக்குப் போலாம். உங்க அறையை ஒழிச்சு வெச்சாச்சு.”

லிஃப்ட்காரர் எழுந்திருக்கவில்லை. “இப்ப கேக்குது, சரி. அப்ப என்ன பேசிக்கிட்டீங்க?”

“எப்ப மாமா?”

“ஒரு வருஷமா. என் எதிர்ல.”

“ஐயோ, ஒண்ணுமே இல்லை மாமா. சும்மா வீட்டு விஷயம்தான். சமையல், பாப்பா ஸ்கூல்...”

“அப்பவும் நான் கேட்டேன். என்ன பேசறேன்னு உன்னைக் கேக்கும்போதெல்லாம், ஒண்ணும் இல்லைன்னு கையை ஆட்டிட்டுப் போவே. அது எனக்குக் கேக்க வேண்டியதில்லை, கை ஆடறது தெரியுது. அப்புறம் ஒரு நாள் பையை எடுத்து வெச்சு இங்க கொண்டுவந்து விட்டீங்க. அப்ப அது ஒண்ணும் இல்லாத பேச்சா?”

மருமகள் மகனைப் பார்த்தாள். அவன் பையைப் பிடித்தபடி நின்றான். உண்மையில் சமையலும் பாப்பாவும்தான் பேசியிருப்பார்கள், பத்து மாதம் வரைக்கும். அதற்குப் பிறகு அவரைப் பற்றியும்தான் பேசினார்கள். எது முதல், எது பிறகு என்று அவருக்கு யார் பிரித்துக் காட்டுவது?

“நீங்க போங்க. நான் வரலை” என்றார் லிஃப்ட்காரர். “இங்க என்கிட்ட யாரும் பேசறதில்லை. அவங்களுக்குள்ளயும் பேசிக்கறதில்லை. எனக்கு யார்மேலயும் சந்தேகம் இல்லாம இருக்கு.”

மகன் இன்னொரு முறை கேட்டான். அவர் ‘வேண்டாம்’ என்று தலையை ஆட்டிவிட்டார். பார்வை நேரம் முடிந்தது என்று காவலாளி வந்து சொன்னான். நாங்கள் நான்கு பேரும் வெளியே வந்தோம், எங்களுக்குப் பின்னால் கதவைப் பூட்டினான்.